நெளுக்குளம்: குளம் வளர்த்த குடி

வவுனியா மாவட்டத்தின் வரைபடத்தை எடுத்து, அதிலுள்ள ஊர்ப்பெயர்களை உரக்க வாசித்துப் பார்ப்போமானால், ஒரே சொல் திரும்பத் திரும்ப நம் செவியில் விழும். பூவரசங்குளம், பண்டாரிகுளம், கூமாங்குளம், வேப்பங்குளம், தாண்டிக்குளம், செட்டிகுளம், ஈச்சங்குளம், இறம்பைக்குளம் என்று அது தொடர்ந்து செல்லும். மாவட்டத்தின் தலைநகராகிய வவுனியாவே பழைய ஏடுகளில் வவுனியன் விளாங்குளம் என்று வழங்கிய ஊர்தான். குளம் என்று முடியாத பெயர்களிலும் மடு, மோட்டை, தாழ்வு, வில் என்று நீர் தங்கும் இடத்தைக் குறிக்கும் சொற்களே பெரும்பாலும் காணப்படும். மனிதனுக்கு முன்னே நீருக்கு இடம் கொடுத்து, அந்நீரின் பெயரையே தன் ஊருக்கும் சூட்டிக்கொண்ட ஒரு மக்கட் கூட்டத்தின் வரலாறு இப்பெயர்களில் அடங்கிக் கிடக்கிறது. அப்பெயர்களுள் ஒன்று நெளுக்குளம். இன்று நாம் அவ்வூரைச் சிறிது நின்று நோக்குவோம்.

வவுனியா நகரிலிருந்து மன்னாரை நோக்கி மேற்கே செல்லும் பெருவீதியிற் புறப்படுவோர், நகரின் கடைத்தெருக்களை விட்டு நீங்கிச் சில கட்டை தூரம் சென்றதும் நெளுக்குளத்தை அடைவர். வீதியோரத்தே கடைகளும் வீடுகளும். அவற்றின் பின்னே வயலும் குளமும். ஊர்ப்பிள்ளைகள் கற்கும் கலைமகள் மகா வித்தியாலயம் அங்கே உண்டு. அதே வீதியில் மேலும் மேற்கே பம்பைமடுவில், 2021ஆம் ஆண்டு ஆகத்து மாதம் முதல் தனிப் பல்கலைக்கழகமாக இயங்கிவரும் வவுனியாப் பல்கலைக்கழகம் அமைந்திருக்கிறது. அரசன் நாட்டிய கல்வெட்டோ, யாத்திரிகர் தேடி வரும் பெருங்கோயிலோ இவ்வூருக்குப் புகழ் தேடித் தரவில்லை. ஆயின், வன்னியில் மனிதர் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதை அறிய விரும்புவோர்க்கு, புகழ்பெற்ற தலங்களைவிட இத்தகைய ஊரே நல்ல ஆசிரியனாகும்.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய எட்டேமுக்கால் பாகையில் இவ்வூர் இருக்கிறது. நிலநடுக்கோட்டை அண்டிய நாடு என்றதும், ஆண்டு முழுவதும் மழை சொரியும் பசுங்காடு ஒன்றை நாம் கற்பனை செய்துகொள்ளுதல் இயல்பு. இலங்கையின் தென்மேற்கு மூலைக்கு அது பொருந்தும். வன்னிக்கோ பொருந்தாது. தென்மேற்குப் பருவக்காற்றுத் தன் ஈரம் முழுவதையும் மலைநாட்டின் மேற்குச் சரிவிலே இறக்கி வைத்துவிட்டு, வெறுங்காற்றாய் வன்னியை வந்தடைகிறது. சோளகம் என்று நம்மவர் கூறும் அக்காற்று மண்ணை உலர்த்துமேயன்றி நனைக்காது. வன்னியை நனைப்பது வாடையோடு வரும் வடகீழ்ப் பருவமழையே. ஐப்பசி தொடக்கம் தை வரையுள்ள சில மாதங்களிற் பெய்வதைக் கொண்டே ஆண்டு முழுவதும் உண்ணவும் குடிக்கவும் வேண்டும். ஆண்டுக்குச் சராசரி நாற்பது அங்குலத்துக்குக் குறையாத மழை அங்கே பெய்கிறது. அது சிறிய அளவன்று. ஆனால் அது வரும் காலம் குறுகியது, அடியிலிருப்பதோ கடும்பாறை, நிலமோ மெல்லச் சரிவது. பெய்த நீரைத் தடுத்து நிறுத்தாவிடின் சில நாட்களில் அது ஓடிக் கடலைச் சேர்ந்துவிடும். ஆகவே, குளம் வெட்டுதல் வன்னி மகனுக்கு அறச்செயலாக இருந்தது மட்டுமன்று. அதுவே அவன் உயிர் வாழும் வழியாகவும் இருந்தது.

வன்னிக் கிராமக் குளத்தின் அமைப்பை நேயர்கள் மனக்கண்ணாற் காண வேண்டுகிறேன். தாழ்ந்து செல்லும் நிலத்தின் குறுக்கே, பிறைபோல வளைந்த மண்கட்டு ஒன்று. கட்டின் உட்புறத்தே நீர்ப்பரப்பு. அதன் மேல்விளிம்பு, அலைகரை எனப்படும். அவ்வலைகரையிலே மருத மரங்கள் அடர்ந்து நிற்கும். அவற்றின் வேர் மண்ணைப் பிடித்து வைக்கும், நிழல் நீரைக் காக்கும். அதற்கும் அப்பால், குளத்துக்கு நீர் வழங்கும் காடு. பாலையும் வீரையும் முதிரையும் அங்கே வளரும். கட்டின் அடியிற் பொருத்திய துருசு வழியாக நீர் வாய்க்காலில் இறங்கி வயலைச் சேரும். மழை மிகுந்தால் கட்டு உடையாதிருக்க, ஒரு பக்கத்தே வான் அமைத்திருப்பர். வான் பாய்கிறது என்ற செய்தி கேட்டாற் கிராமமே மகிழும். அவ்வாண்டு பசியில்லை என்பது அதன் பொருள். வான் வழியே வழிந்த நீரும், வயலிலிருந்து வடிந்த நீரும் வீணாவதில்லை. கீழேயுள்ள அடுத்த ஊர்க் குளம் அதனை ஏற்றுக்கொள்ளும். அதற்கும் கீழே இன்னொன்று. இவ்வாறு ஒரு சங்கிலியின் கண்ணிகள் போலக் குளத்தோடு குளம் கோத்துக் கிடக்கும்.

பழைய இலங்கையின் நீர்ப்பாசனப் பணியாளர் பெருங்குளங்களின் மதகில் அமைத்த நுட்பத்தைக் கண்டு, ஆங்கில அரசின் நீர்ப்பாசன அதிகாரியாக இருந்த எச். பாக்கர் வியந்து எழுதினார். அவருடைய பண்டைய இலங்கை பற்றிய நூல் 1909இல் வெளிவந்தது. கட்டுகளிலே காவல் தெய்வமாக ஐயனார் வழிபடப்படுவதையும் அவர் குறித்திருக்கிறார். ஒன்றோடொன்று தொடுத்த சிறுகுளங்களின் பெருமையை உலகம் ஏற்றுக்கொண்டது மிகப் பிந்தியே. 2017ஆம் ஆண்டில், ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம், இலங்கையின் உலர்வலயத்துத் தொடர்குளக் கிராம முறையை உலகின் சிறந்த வேளாண் மரபுரிமைகளுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. நம் முன்னோர் மண்வெட்டியாற் செய்ததை அறிஞர்கள் நூலில் எழுத இத்தனை காலம் சென்றது.

ஆனால் மண்ணும் மரமும் மட்டும் ஒரு குளத்தைக் காக்கமாட்டா. மாரி தோறும் கட்டு கரையும். எலியும் நண்டும் துளையிடும். மாடு மிதித்துச் சரிக்கும். ஆண்டுதோறும் கட்டுக்கு மண் போட வேண்டும், வாய்க்காலைத் திருத்த வேண்டும், துருசைக் காக்க வேண்டும். இவற்றை யார் செய்வது? இவ்வினாவுக்கு உலர்வலயத்து மக்கள் கண்ட விடை பங்கு என்ற ஒரு சொல்லில் அடங்கியிருந்தது. குளத்தின் கீழுள்ள பழைய வயல், பங்குகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. வயலில் ஒருவனுக்கு எத்தனை பங்கோ, அதற்கேற்ற அளவு கட்டு வேலையும் வேலி வேலையும் அவன் தலையில் விழும். நீர் குறைந்த ஆண்டில் வயல் முழுவதையும் விதைக்க முடியாது. அப்போது கட்டுக்கு அண்மையிலுள்ள பகுதியை மட்டும் தெரிந்து, அதை எல்லோரும் தத்தம் பங்குக்கேற்பப் பகிர்ந்துகொண்டு விதைக்கும் ஒரு முறை உண்டு. சிங்களக் கிராமங்களில் அதனைப் பெத்ம என்பர். கடைக்கோடியில் வயல் உள்ளவனும் பட்டினி கிடவாதபடி வகுத்த நீதி அது. பங்கு என்ற நம் சொல் சிங்களத்திலும் இதே பொருளில் வழங்குகிறது. இரு மொழியினரும் ஒரே குளத்து நீதியைப் படித்தவர் என்பதற்கு இது நல்ல சான்று.

இத்தகைய ஊர்கள் எந்த அரசின் கீழ் இருந்தன? வன்னி நெடுங்காலம் வன்னியர் எனப்பட்ட தலைவர்களின் ஆட்சியில் இருந்தது. பனங்காமம், முள்ளியவளை, கரிக்கட்டுமூலை, கருநாவற்பற்று என்று அவர்களின் பற்றுக்கள் பிரிந்து கிடந்தன. யாழ்ப்பாண அரசனுக்கும், 1619இல் அவ்வரசைக் கவர்ந்த போர்த்துக்கேயருக்கும், 1658இல் அவர்களை வென்ற ஒல்லாந்தருக்கும் வன்னியர் யானைகளைத் திறையாகக் கொடுத்ததுண்டு. கொடுக்க மறுத்ததும் உண்டு. அடங்காப்பற்று என்ற பெயர் வன்னிக்கு வழங்கியதன் காரணம் இதுவே. ஒல்லாந்தர் 1782இல் தான் வன்னியைப் படைகொண்டு அடக்கினர். பின்னர் ஆங்கிலேயர் வந்தனர். 1803ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றினான். அவ்வாண்டு ஐப்பசி இறுதியிலே, கற்சிலைமடுவில் கப்டன் ட்றிபேர்க் அவனைத் தோற்கடித்தான். அந்தத் தோல்வியைக் குறித்த நடுகல் பின்னர் அங்கே நாட்டப்பட்டது.

தலைவர்கள் வீழ்ந்த கதையை நாம் அறிவோம். குளங்கள் வீழ்ந்த கதையை நம்மிற் சிலரே அறிவர். போரினாற் குடிகள் சிதறின. கட்டுக்கு மண் போட ஆளில்லை. 1832இல் கோல்புறூக் குழுவினரின் ஆலோசனைப்படி இராசகாரிய ஊழியம் ஒழிக்கப்பட்டது. மனிதனை மனிதன் கட்டாயப்படுத்தும் வழக்கம் ஒழிந்தது நன்றே. ஆயினும் அதனோடு சேர்ந்து, குளத்துக்காக ஊரார் கூடி உழைக்கும் பழைய கடமையும் தளர்ந்துபோயிற்று. பிழையை உணர்ந்த அரசு, தேசாதிபதி ஹென்றி வாட் காலத்தில், 1856ஆம் ஆண்டு நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தை இயற்றி, ஊர் வழமைகளுக்கு மீண்டும் உயிர் கொடுக்க முயன்றது. ஊர்க் குளத்தின் நீரைப் பங்கிட வெல் விதானை என்ற உத்தியோகத்தர் ஏற்பட்டதும் இவ்வழியில் வந்த சட்டங்களாலேயே. எனினும் நெல்லின் மீது விதித்த வரி 1892இல் நீக்கப்படும்வரை கமக்காரனின் தோளில் சுமை இருந்தது. 1895இல் வெளிவந்த, வன்னி மாவட்டங்கள் பற்றிய ஜே. பி. லூயிஸ் என்ற அதிகாரியின் கைந்நூலைப் புரட்டினால், காடு மூடிய குளங்களும், குடி குறைந்த ஊர்களும், காய்ச்சலால் மெலிந்த மனிதரும் பக்கந்தோறும் தோன்றுவதைக் காணலாம்.

காய்ச்சல் என்ற அச்சொல்லை நாம் இலேசாகக் கடந்து செல்லலாகாது. வன்னியை வெறுங்காடாக்கியதில் வாளுக்கு உள்ள பங்கைவிட மலேரியாவுக்கு உள்ள பங்கு சிறிதன்று. மழை விட்டதும் குளத்தின் ஓரங்களிலும் ஆற்றின் பள்ளங்களிலும் தேங்கும் நீரில் நுளம்பு பெருகும். வீக்கமுற்ற மண்ணீரலோடு வயிறு பருத்த பிள்ளைகள் வன்னியின் அடையாளமாகவே இருந்தனர். யாழ்ப்பாணத்தார் தம் மகளை வன்னியில் மணஞ்செய்து கொடுக்க அஞ்சியது இதனாலேயே. 1946இல் இலங்கை முழுவதும் வீடு வீடாக டீ.டீ.டீ. தெளிக்கத் தொடங்கிய பின்னர், அந்த அச்சம் சில ஆண்டுகளுள் பெரிதும் குறைந்தது. நோய் பின்னர் மீண்டும் தலையெடுத்ததாயினும், 2016ஆம் ஆண்டு இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கியது. வன்னியின் வரலாற்றை எழுதுவோர் இவ்விரண்டு ஆண்டுகளையும் எந்தப் படையெடுப்பின் ஆண்டுக்கும் குறையாத இடத்தில் வைத்தல் வேண்டும்.

இதற்கிடையில் வேறு மாற்றங்களும் வந்தன. 1905ஆம் ஆண்டில் கொழும்பையும் யாழ்ப்பாணத்தையும் இணைத்த புகைவண்டிப் பாதை வவுனியா வழியே சென்றது. காட்டின் நடுவேயிருந்த கச்சேரி ஊர், சந்தையும் நிலையமும் உள்ள பட்டினமாக வளரத் தொடங்கியது. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், நிலமற்றோர்க்கு முடிக்குரிய காணியை அளிக்க வழி வகுத்தது. 1958ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டம் வெல் விதானையின் இடத்திலே பயிர்ச்செய்கைக் குழுக்களை அமைத்தது. இப்போது அவ்விடத்தில் 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி அமைந்த கமக்காரர் அமைப்புக்கள் உள்ளன. மொட்டைக்கறுப்பனும் பச்சைப்பெருமாளும் விளைந்த வயல்களிலே, 1950களின் பிற்பகுதியிலிருந்து எச். நான்கு போன்ற புதிய இன நெல்லும், பின்னர் உழவு இயந்திரமும் புகுந்தன. எருமை மிதித்துச் சூடடித்த களங்கள் ஓய்ந்தன. சூடு என்ற அச்சொல் எத்துணை ஆழமாக இம்மண்ணில் வேரூன்றியது என்பதை அறிய, அயலூர் ஒன்றின் பெயரைச் சொன்னாற் போதும்: சூடுவெந்தபுலவு. என்றோ ஒருநாள் அறுத்துக் குவித்த நெற்சூடு வெந்துபோன துயரத்தை அப்பெயர் இன்னும் சொல்லிக்கொண்டிருப்பது போலத் தோன்றுகிறது.

புறத்தே எத்தனை மாறினும் ஆண்டின் ஒழுங்கு மாறவில்லை. முதல் மழை கண்டதும் உழுது காலபோகத்துக்கு விதைப்பர். மார்கழியில் யானைக்கும் பன்றிக்கும் காவலாகப் பரண் மீதிருந்து இரவு விழிப்பர். மாசி, பங்குனியில் அறுவடை. புது நெல்லில் முதலெடுத்த புதிர் தெய்வத்துக்கும் வீட்டுக்கும் உரியது. குளத்தில் நீர் எஞ்சியிருந்தாற் சிறுபோகம். இல்லையேல் மேட்டு நிலத்தில் எள்ளோ பயறோ. குளத்திலே நீர் எத்தனை அடி நிற்கிறது என்பதைக் கொண்டே ஊரின் கலியாணங்களும் கடன்களும் தீர்மானிக்கப்பட்டன.

இனி, அண்மைக் காலத்துக்கு வருவோம். வன்னி மண்ணில் எழுபது ஆண்டுகளாக வந்து குடியேறியோர் பலர், நிலத்தைத் தேடி வந்தவரல்லர். உயிரைக் காக்க வந்தவர். 1958ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின்னும், 1977, 1983ஆம் ஆண்டுக் கலவரங்களின் பின்னும் மலைநாட்டிலிருந்தும் தெற்கிலிருந்தும் தமிழ்க் குடும்பங்கள் வவுனியாவின் சுற்றுப்புறங்களை நாடின. 1990இல் யாழ்ப்பாணப் புகைவண்டி நின்றுபோக, வவுனியாவே வடக்குப் பாதையின் கடைசி நிலையமாயிற்று. அப்பாதை மீண்டும் யாழ்ப்பாணத்தை அடைந்தது 2014ஆம் ஆண்டிலேதான். அதே 1990இன் இறுதியில் வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் தம் ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்டனர். அதையும் இவ்வரலாறு மறைக்கலாகாது. 1995இன் இறுதியில் யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்தபோது வந்தவர் பலர். 2009இல் போர் முடிந்தபோது, முல்லைத்தீவுக் கரையிலிருந்து ஏறக்குறைய இரண்டே முக்கால் இலட்சம் மக்கள் வெளியேறி வந்தனர். பாடசாலைகளும் பொதுக் கட்டடங்களும் முகாம்களாயின. செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம் 2012ஆம் ஆண்டு புரட்டாதியிலேதான் மூடப்பட்டது. திரும்பிச் செல்ல ஊருள்ளோர் திரும்பினர். ஊரற்றோரும், திரும்ப மனமற்றோரும் வவுனியாவைச் சூழவே தங்கிவிட்டனர்.

இவ்வாறு, காய்ச்சலால் ஆளின்றிக் கிடந்த மாவட்டம், 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் ஒரு இலட்சத்து எழுபதினாயிரத்துக்கு மேற்பட்ட மக்களைக் கொண்டதாயிற்று. அம்மக்களிற் பெரும்பகுதியினர் நகரையும் நகரையடுத்த ஊர்களையும் சார்ந்தே வாழ்கின்றனர். நெளுக்குளம் அப்படிப்பட்ட ஊர். கமத்தூர் ஒன்று, நகரின் கை எட்டும் தூரத்தில் நிற்கிறது. வயலுக்குக் கிடைக்கும் வருவாயைவிட, அவ்வயலை வீட்டுக்காணியாகத் துண்டு துண்டாக விற்றாற் கிடைக்கும் பணம் அதிகம். குளத்துக்கு நீர் வழங்கும் மேட்டுக்காடு வீடுகளாகும்போது, அங்கிருந்து வரும் நீர் குறையும். மண் வந்து சேர்ந்து குளம் மேடாகும். இது நகரையடுத்த குளத்தூர்கள் எல்லாம் எதிர்நோக்கும் நிலையாகும்.

இங்கேதான் நம் முன்னே ஒரு கடினமான வினா எழுகின்றது. புதிதாய் வந்தவரைப் பழித்து, இவர்களாலே குளம் கெட்டது என்று கூறுதல் எளிது. அது நீதியன்று. வீட்டை எரிக்கக் கண்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவனுக்குத் தலைசாய்க்க இடம் வேண்டும். அவ்விடம் எந்தக் குளத்தின் நீரேந்து நிலம் என்று ஆராயும் நிலையில் அவன் இருக்கவில்லை. அவ்வாறெனில், குளம் போனாற் போகட்டும் என்று விடலாமா? அதுவும் இயலாது. ஏனெனில், குளத்தின் நீர் வயலுக்கு மட்டும் செல்வதன்று. வன்னியின் அடியிலுள்ள பாறைக்கு மேலே, பாறை சிதைந்து உண்டான மண்படை ஒன்று உண்டு. குளத்து நீர் கட்டின் வழியாகவும் தரையின் வழியாகவும் அப்படையிலே கசிந்து இறங்கிச் சுற்றியுள்ள கிணறுகளிற் சுரக்கிறது. குளம் வற்றினால் சில வாரங்களில் கிணறும் இறங்கிவிடுவதைக் கோடைதோறும் காணலாம். ஆகவே, ஒரு நெற்கதிரையும் விதைக்காத வீட்டுக்காரனும் அக்குளத்தின் நீரையே அள்ளிக் குடிக்கிறான்.

பழைய பங்கு முறையின் உட்பொருளை இப்போது நினைத்துப் பார்ப்போம். நீரில் எவனுக்குப் பங்கோ, கட்டிலும் அவனுக்குப் பங்கு என்பதே அதன் சாரம். அக்காலத்தில் நீரை உண்டவர் வயற்காரர். ஆகவே கடமையும் அவர்மீது இருந்தது. இக்காலத்தில் நீரை உண்போர் பெருகிவிட்டனர். கடமையோ இன்னும் அருகி வரும் வயற்காரர் சிலர்மீதே கிடக்கிறது. குறை வந்தவரிடத்தில் இல்லை. பங்கேட்டில் அவர் பெயர் எழுதப்படாமையிலேயே இருக்கிறது. கமக்காரர் அமைப்போடு கிணற்றுக்காரரும் சேர்ந்து, கட்டையும் அலைகரையையும் காக்கும் ஊர்ப் பொறுப்பை ஏற்பார்களானால், பழைய நீதி புதிய உருவில் உயிர்பெறும். எல்லை அளந்து கல் நாட்டுதல் அரசின் வேலை. கல்லைப் பிடுங்காதிருத்தலும், அதற்கு அப்பால் மரம் வைத்தலும் ஊரின் வேலை. முன்பு ஊழியம் என்று கட்டாயப்படுத்திச் செய்வித்ததும் தவறு. பின்பு கடமையையே கைவிட்டதும் தவறு. இவ்விரண்டு தவறுகளையும் வன்னி ஏற்கெனவே செய்து பார்த்து, அவற்றின் விலையையும் கொடுத்திருக்கிறது.

நெளுக்குளத்தைப் போன்ற ஊர்கள் வரலாற்று நூல்களில் ஒரு வரியையும் பெறாமற் போகலாம். ஆயினும், தலைவர் பலர் வந்து சென்ற மண்ணில், காய்ச்சலையும் காட்டையும் போரையும் கடந்து இன்றும் அவ்வூரின் பெயரில் நிற்பது ஒரு குளமே. அடுத்த மாரியில் வாடை வீசும்போது, மன்னார் வீதியால் பயணம் செய்வோர் நெளுக்குளத்தில் ஒரு கணம் இறங்கி அக்கட்டின் மீது நின்று பார்ப்பாராக. வயலிலே பசுமை தெரிந்தால், அது பலர் கூடிப் போட்ட மண்ணின் பயன் என்று அறிக. அந்த மண்ணிலே இனி யார் யார் கை சேரும் என்பதைப் பொறுத்தே, நம் பேரப்பிள்ளைகளின் காலத்தில் அவ்வூரின் பெயர் மட்டும் எஞ்சுமா, குளமும் எஞ்சுமா என்பது அமையும்.